இயல்பு நிறப் பால்பாம்புகள்: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

பாம்புக்குட்டியை வாங்கிய மறுவாரமே அதைப் பற்றி மதிப்புரை எழுதுவது, நாற்று நட்ட கையோடு விளைச்சலைப் பற்றிப் பேசுவதற்குச் சமம். ஆங்கிலத்தில் மில்க் ஸ்னேக் என்று வழங்கும் பால்பாம்புகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏனெனில் முட்டையை விட்டு வெளிவரும்போது அவற்றின் மேல் நாம் காணும் நிறம், வளர்ந்த பின் நிலைக்கப்போகும் நிறம் அன்று. ஆகவேதான், சிறிய அளவில் பொழுதுபோக்காக இனப்பெருக்கம் செய்யும் ஒரு வளர்ப்பாளரிடம் மத்திய அமெரிக்க வகையான ஹோண்டுரன் பால்பாம்பின் மூன்று குட்டிகளை வாங்கி மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகு இதை எழுதுகிறேன். அவர் நிறுவனம் நடத்துபவர் அல்லர்; தம் வீட்டின் ஓர் அறையில் இதைச் செய்துவருபவர். குறை சொல்லவும் எனக்குச் சில செய்திகள் இருப்பதால் அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

அவரிடம் என்னை ஈர்த்தது, அவருடைய விற்பனைப் பட்டியலின் வறட்சிதான். ஹோண்டுரன் பால்பாம்பு விற்கும் பலரிடமும் அல்பினோ, ஹைப்போ, அனெரி, ஸ்னோ, கோஸ்ட் என்று மார்ஃப் பெயர்கள், அதாவது இயல்பிலிருந்து விலகி வளர்ப்பில் பெருக்கப்பட்ட நிறவகைகளின் பெயர்கள், வரிசை கட்டி நிற்கும். இவருடைய பட்டியலிலோ இரண்டே பெயர்கள் இருந்தன: ட்ரைகலர், டேஞ்சரின். இரண்டுமே காட்டில் உள்ளபடியே காணப்படும் நிறங்கள். ட்ரைகலரில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் என மூன்று நிற வளையங்கள் உண்டு. டேஞ்சரினில் அந்த வெளிர் வளையமே ஆரஞ்சு நிறமாக இருப்பதால், சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் கறுப்பும் செம்மஞ்சளும் மட்டுமே கொண்ட பாம்பைப் போலத் தோன்றும். ஒரு மரபணு பழுதுபட்டதால் வந்த வெளுப்பு அன்று இது. முழு உடல்நிறங்களையும் கொண்ட பாம்பு, தன் இயல்பான வீச்சுக்குள் காட்டும் வேறுபாடு. இந்த வீச்சைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வளர்ப்பவர்கள் குறைவு.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாமல் அவருடைய வேலையை மதிப்பிட இயலாது. பால்பாம்புகள் கனடாவின் தென்பகுதியிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை பரவியிருக்கின்றன. வடக்கே வாழும் கிழக்குப் பால்பாம்புக்கு வளையமே கிடையாது. சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு உடலில் செம்பழுப்புத் திட்டுகளும், பிடரியில் ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற ஒரு வெளிர் அடையாளமும் இருக்கும். மெக்சிகோவின் சினலோவா பாம்பில் சிவப்புப் பட்டைகள் அகன்று உடலையே நிறைத்துவிடும். 1983-இல்தான் தனிப் பெயர் பெற்ற பியூப்லா பாம்பிலோ வெள்ளைப் பட்டை அகன்று, மூன்று நிறங்களும் ஏறத்தாழ சரிசமமாகப் பங்கிட்டுக் கொண்டதைப் போலத் தோன்றும். அந்த வெள்ளை பாதாமிப் பழத்தின் வெளிர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிய பாம்புகளை ஏப்ரிகாட் என்று வளர்ப்பவர்கள் அழைக்கிறார்கள். கோஸ்டாரிகா, பனாமா மலைகளில் வாழும் கரும் பால்பாம்பு, பிறக்கும்போது மற்றவற்றைப் போல வளையங்களோடு பிறந்து, வளர வளர முழுக்கக் கறுத்துவிடுகிறது. குளிர்ந்த மலைப்பகுதியில் வெயிலின் சூட்டைச் சேமிக்க அந்தக் கறுப்பு உதவுகிறது என்று கருதப்படுகிறது. மாட்டுத் தொழுவத்தில் எலி தேடி வரும் பாம்பைக் கண்டவர்கள், அது பசுவின் மடியில் பால் குடிக்க வருகிறது என்று நம்பியதால் வந்த பெயர்தான் பால்பாம்பு. பாம்பு பால் குடிக்கும் என்ற கதை எந்த நாட்டிலும் பாம்புகளை விடுவதாக இல்லை.

இவை அனைத்தும் நெடுங்காலம் ஒரே இனத்தின் கிளையினங்களாகக் கருதப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை சுமார் 25. 2014-இல் ஆய்வாளர் சாரா ருவேனும் அவருடைய குழுவினரும் மரபணுச் சான்றுகளை வைத்து இவற்றை ஏழு இனங்களாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினையில் ஹோண்டுரன், பியூப்லன், சினலோவன் என்ற பழைய பெயர்கள் தனித்தகுதியை இழந்தன. வளர்ப்பவர்கள் மட்டும் அவற்றைக் கைவிடவில்லை. என் வளர்ப்பாளரும் பழைய பெயரையே எழுதுகிறார். இதை நான் குறையாகக் கருதவில்லை; அறிவியல் வகைப்பாட்டில் ஒரு பெயர் கரைந்துபோனாலும், எந்தப் பகுதியிலிருந்து வந்த பரம்பரை என்பதைச் சுட்ட வளர்ப்பவருக்கு ஒரு சொல் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையான பரம்பரை இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இங்கேதான் அவருடைய சேவையின் சிறப்பான பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு குட்டியோடும் அவர் ஒரு பதிவேட்டுத் தாளைத் தருகிறார். தாய், தந்தை, தாயின் பெற்றோர், தந்தையின் பெற்றோர் ஆகிய ஆறு பாம்புகளின் படங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு படத்தோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. பொரித்த சில நாட்களில் ஒன்று, ஓராண்டு நிரம்பியபோது ஒன்று, முழு வளர்ச்சிக்குப் பின் ஒன்று என மூன்று படங்கள், மேகமூட்டமான பகலில், ஒரே சாம்பல்நிறத் துணியின் மேல் எடுக்கப்பட்டவை. உடலில் உள்ள சிவப்பு வளையங்களின் எண்ணிக்கை, சட்டை உரித்த நாட்கள், இரை ஏற்ற நாட்கள், மறுத்த நாட்கள் ஆகியவையும் அதில் உண்டு. முதன்முறை அதைப் பார்த்தபோது, இவ்வளவு எதற்கு என்று எனக்கே சலிப்பாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, நான் வாங்கியவற்றுள் பாம்புகளுக்கு அடுத்தபடியாக மதிப்புள்ளது அந்தத் தாள்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அல்பினோ போன்ற மார்ஃப் நிறங்கள் பெரும்பாலும் ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் மரபணுவால் வருபவை. அவற்றுக்குக் கணக்கு உண்டு. கறுப்பு நிறமியைத் தடுக்கும் மரபணுவையும் சிவப்பைத் தடுக்கும் மரபணுவையும் மறைவாகச் சுமக்கும் இரண்டு பாம்புகளை, அதாவது இரண்டு டபுள் ஹெட் பாம்புகளை இணைத்தால், இரண்டும் கூடிய வெண்ணிற ஸ்னோ குட்டி பிறக்க ஒவ்வொரு முட்டைக்கும் 16-இல் 1 வாய்ப்பு. ஆறு முட்டைகள் கொண்ட ஓர் ஈட்டில் ஒரு ஸ்னோவாவது கிடைக்கும் வாய்ப்பு 100-க்கு 32 அளவில்தான் இருக்கும். இந்தக் கணக்கைத் தெரிந்தவர் தாளில் போட்டுப் பார்த்து வாங்கலாம். ஒரு டேஞ்சரினின் ஆரஞ்சு எவ்வளவு ஆழமாகும், ட்ரைகலரின் வெள்ளை வெள்ளையாகவே நிற்குமா அல்லது மஞ்சளாகத் திரும்புமா, கறுப்பு வளையம் முதுகில் அகன்று சிவப்பை நெரிக்குமா என்பவற்றுக்கெல்லாம் அப்படியொரு கணக்கு கிடையாது. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தீர்மானிக்கும் இத்தகைய நிறங்களை, முன்னோர்கள் வளர்ந்தபோது எப்படி மாறினார்கள் என்பதைக் கண்டே ஊகிக்க முடியும். இயல்பு நிறத்தை விற்பவர் உண்மையில் விற்பது அந்த ஊகத்துக்கான ஆதாரத்தைத்தான். ஆதாரமில்லாமல் டேஞ்சரின் என்று பெயர் மட்டும் சொல்லி விற்பவரிடம் வாங்குவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதும் ஒன்றே.

இனி பாம்புகளைப் பற்றி. முதலாவது, பெண் ட்ரைகலர். பொரித்தபோது அதன் வெளிர் வளையங்கள் பால் வெண்மையாக இருந்தன. தாயின் படங்களைப் பார்த்து, இரண்டாம் ஆண்டில் அது எலுமிச்சை மஞ்சளுக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். ஏறத்தாழ அதே காலத்தில் அப்படியே திரும்பியது. நான் எதிர்பாராதது செதில் நுனிகளின் கறுப்பு. பால்பாம்புகளில் வயது ஏற ஏற, சிவப்புச் செதில்களின் நுனியிலும் வெளிர்ச் செதில்களின் நுனியிலும் மை தொட்டு வைத்ததைப் போலக் கறுப்பு ஊறி வருவது வழக்கம். அது அதிகமானால் வளையங்களின் தெளிவு குறைந்து, மொத்தப் பாம்பும் சற்று அழுக்கேறியதைப் போலத் தோன்றும். இந்தப் பெண்ணுக்கு அது பெற்றோர் இருவரையும்விடக் கூடுதலாக வந்திருக்கிறது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான், தந்தைவழிப் பாட்டியின் மூன்றாவது படத்தில் அதே கறுப்பு இருப்பதைக் கவனித்தேன். வளர்ப்பாளர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் பெற்றோரின் படங்களோடு நின்றுவிட்டேன்.

நுனிக் கறுப்பு இல்லாத, துடைத்துவிட்டதைப் போன்ற தெளிவான பாம்பையே வளர்ப்பவர்களில் பெரும்பாலானோர் விரும்புகிறார்கள். அதற்காகவே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து இணைக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இந்த வளையங்கள் நம் கண்ணுக்காக உருவானவை அல்ல. நஞ்சுள்ள பவளப்பாம்புகளின் தோற்றத்தைப் போலி செய்வதால் இவை பிழைக்கின்றன என்பது 1862-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் வகுத்த போலித்தோற்றக் கருத்தின் வழியே நெடுநாளாகச் சொல்லப்பட்டுவருகிறது. 2001-இல் அமெரிக்காவில் உயிரியலாளர் டேவிட் ஃபென்னிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் களிமண் போன்ற பொருளால் வளையமிட்ட போலிப் பாம்புகளைச் செய்து காடுகளில் வைத்துப் பார்த்தார்கள். பவளப்பாம்புகள் வாழும் பகுதிகளில் கொன்றுண்ணிகள் அவற்றைக் கடிப்பது குறைவாகவும், பவளப்பாம்புகள் இல்லாத பகுதிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லாமலும் இருந்தது. காட்டில் உயிர்காத்த தோற்றத்தோடு சேர்ந்து வந்த நுனிக் கறுப்பை அறைக்குள் கொண்டுவந்து அழுக்கென்று ஒதுக்குகிறோம். என் பெண் பாம்பின் மை தொட்ட செதில்களை நான் இப்போது விரும்பவே செய்கிறேன். ஆனால் அடுத்து வாங்குபவர் மூன்றாவது படங்களையும் பாட்டி, பாட்டன்வரை பார்த்து முடிவெடுக்கட்டும்.

இரண்டாவது, பெண் டேஞ்சரின். மூன்றில் மிக அழகானது இதுதான். குட்டியாக இருந்தபோது வெளிறிய ஆரஞ்சாக இருந்த வளையம், ஒவ்வொரு சட்டை உரிப்புக்கும் பிறகு சற்று ஆழமாகி, இன்று சிவப்புக்கும் அதற்கும் இடையே உள்ள எல்லையைக் கறுப்பு மட்டுமே காட்டிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதன் தாளில் இருந்த படங்கள் சொன்னதும் இதையேதான்.

குறைகளில் முதலாவது இந்தப் பாம்பைப் பற்றியது. பதிவேட்டுப் படங்களைப் பகலொளியில் எடுக்கும் அதே மனிதர், விற்பனைக்காக வெளியிடும் படங்களை மட்டும் மஞ்சள் விளக்கொளியில், அதுவும் சட்டை உரித்த மறுநாளில் எடுக்கிறார். சட்டை உரித்த உடனே எந்தப் பாம்பும் புதுச்சாயம் ஏற்றியதைப் போல மின்னும். உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு அதே பாம்பு கண்ணில் நீலம் படர்ந்து, பால் தெளித்தது போல மங்கிக் கிடக்கும். மஞ்சள் ஒளி ஆரஞ்சை இன்னும் ஏற்றிக் காட்டும். பெட்டியைத் திறந்தபோது என் கையில் இருந்தது விற்பனைப் படத்தில் பார்த்த பாம்பு அன்று. பதிவேட்டில் பார்த்த பாம்பு. இரண்டாண்டுகளில் அது விற்பனைப் படத்தை எட்டிப் பிடித்தது என்பது வேறு. அவ்வளவு நேர்மையாகப் பதிவேடு வைப்பவருக்கு இந்த ஒப்பனை தேவையில்லை. இதை அவரிடம் எழுதியபோது, எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்றார். அது உண்மைதான், எனினும் எனக்கு அது போதுமான பதிலாகப் படவில்லை.

மூன்றாவது பாம்பு ஆண் டேஞ்சரின். இதன் தாளின் அடியில் "ஹைப்போ ஹெட்டாக இருக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. ஹைப்போ என்பது கறுப்பு நிறமி குறைந்து, வளையங்கள் பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறும் மார்ஃப்; ஹெட் என்பது அந்த மரபணுவின் ஒரு படியை வெளியே தெரியாமல் சுமப்பது. இத்தகைய வரிக்குப் பக்கத்தில் ஒரு சதவீதம் எழுதுவது வளர்ப்பவர்களிடையே உள்ள முறை. பெற்றோர் இருவரும் ஹெட்டாக இருந்தால், இயல்பாகத் தோன்றும் குட்டிகள் மூன்றில் இரண்டு அதைச் சுமக்கும். அதனால்தான் "66 சதவீத ஹெட்" என்ற சொல் பட்டியல்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. என் தாளில் எண் எதுவும் இல்லை. கேட்டபோது, தாய்வழிப் பாட்டன் மட்டுமே உறுதியான ஹெட் என்றும், மற்றவை இயல்பானவை என்றும் சொன்னார். அப்படியானால் தாய் அதைச் சுமக்கும் வாய்ப்பு 50, என் குட்டிக்கு வெறும் 25. அதற்காக அவர் கூடுதல் விலை எதுவும் பெறவில்லை; ஏமாற்றும் எண்ணமும் இல்லை என்றே நம்புகிறேன். ஆயினும் "இருக்கலாம்" என்ற சொல்லைப் படிக்கும் அனுபவமற்றவர் 66 என்றே எடுத்துக்கொள்வார். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று: இயல்பு நிறம் மட்டுமே வளர்ப்பதாகச் சொல்பவரின் பரம்பரைக்குள் ஒரு ஹைப்போ மரபணு எப்போதோ நுழைந்திருக்கிறது. அதைத் தாளில் எழுதிவைத்த நேர்மையைப் பாராட்டுகிறேன். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இதை நான் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பால்பாம்பு வகைகள் ஒன்றோடொன்று எளிதாக இணையும். பிறக்கும் குட்டிகளும் இனம் பெருக்கும். இன்று விற்பனையில் உள்ள அல்பினோ சினலோவன்களில் பலவற்றின் அல்பினோ மரபணு, மற்றொரு வகையான நெல்சன் பால்பாம்பிலிருந்து கலந்து பெறப்பட்டது என்ற சந்தேகம் வளர்ப்பவர்களிடையே வெகுகாலமாக உண்டு. அப்படிக் கலந்து, பிறகு மூன்று நான்கு தலைமுறை தாய்வகையோடு திரும்ப இணைத்துவிட்டால், கண்ணால் பார்த்து எவராலும் பிரித்தறிய இயலாது. மார்ஃப் தேடுபவருக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். ஒரு நிலப்பகுதியின் பாம்பு இயல்பாக எவ்வளவு வேறுபடும் என்பதைப் பார்க்க விரும்பும் என்னைப் போன்றவருக்கு அதுதான் எல்லாமே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அனுப்பிய முறை சிறப்பாக இருந்தது. துணிப்பைகளில் தனித்தனியே கட்டி, வெப்பம் தாங்கும் பெட்டியில் வைத்திருந்தார். பால்பாம்புகள் பிற பாம்புகளையும் இரையாகக் கொள்பவை என்பதால், குட்டிகளைச் சேர்த்து வைப்பவரிடம் ஒருபோதும் வாங்கக் கூடாது. இவர் பொரித்த நாளிலிருந்தே பிரித்து வளர்க்கிறார். பல்லியைத் தவிர வேறெதையும் தொட மறுக்கும் குட்டிகள் இந்த வகைகளில் உண்டு. எலிக்குஞ்சின் மேல் பல்லியின் வாசனையைத் தேய்த்துப் பழக்குவார்கள். என்னிடம் வந்த மூன்றும் அத்தகைய வித்தை எதுவுமின்றி, உறைநிலையிலிருந்து இளக்கிய எலிக்குஞ்சை முதல் வாரத்திலேயே ஏற்றன. தாளில் எழுதியிருந்த இரைக் கணக்கு பொய்யில்லை என்பதற்கு அதுவே சான்று. கையில் எடுத்தால் நெளிந்து ஓடப்பார்ப்பதும், அச்சத்தில் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சுவதும் குட்டிகளின் இயல்பு. ஓராண்டில் அடங்கிவிட்டன, ஆண் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர் பதில் எழுதாமல் இருந்ததில்லை, ஆனால் பத்து நாள் கழித்தே எழுதுவார். முட்டைகள் பொரியும் பருவத்தில் அதுவும் கிடையாது. அவசரக்காரர்களுக்கு அவர் ஏற்றவர் அல்லர். பளிச்சென்ற வெண்ணிறமோ இளஞ்சிவப்புக் கண்களோ வேண்டுபவர்களுக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. பாம்பு ஒன்றை 15, 20 ஆண்டுகள் உடன் வைத்து, அது எந்த நிறத்துக்குப் போகிறது என்பதை நிதானமாகப் பார்க்க விரும்புபவர் தயங்காமல் அவரிடம் வாங்கலாம். விற்பனைப் படத்தைப் பார்க்க வேண்டாம், பதிவேட்டுத் தாளை முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கவும்.

சென்ற மாதம் அவர் எழுதியிருந்தார். என் டேஞ்சரின் பெண்ணின் மூன்றாம் ஆண்டுப் படத்தை, மேகமூட்டமான பகலில், சாம்பல்நிறத் துணியின் மேல் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அதன் உடன்பிறப்புகளின் தாள்களில் சேர்ப்பதற்காம். துணி வாங்கி வைத்திருக்கிறேன். பாம்பின் கண்ணில் நீலம் படர்ந்திருக்கிறது. உரித்து ஒரு வாரம் கழிந்த பிறகே படம் எடுப்பதாக அவருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.